விடிந்தால்தான் இருபத்தாறு

தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களில் என் வீட்டுக்காரர் சங்கரசுப்பிரமணியனைப் போலப் பயந்த மனிதர் இன்னொருவர் இருக்கமாட்டார். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போனபின் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். பஸ்ஸில் ஏறினால் முதலில் டிரைவரின் கண்ணைப் பார்ப்பார், தூக்கம் கெட்டுச் சிவந்திருக்கிறதா என்று. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. காலையில் போனதும் ஆபீஸ் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். கைக்கடிகாரத்தை அதற்கு முன்பே ரேடியோச் செய்திக்குத் திருத்தியிருப்பார். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டும்போது கை நடுங்கியதில், முதல் முடிச்சையே நாத்தனார்தான் இறுக்கிவிட வேண்டியிருந்தது.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று நான் கேலி செய்வேன். அவர் கோபப்பட மாட்டார். “ஒருவேளை பேய் இருந்துட்டா என்னட்டி செய்வ?” என்று நிஜமாகவே கேட்பார்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து ஐப்பசி வெள்ளத்தில் அந்தப் பேய் வந்துவிட்டது. சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள் ஆறு புகுந்தது. மகள் உலகம்மையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மொட்டைமாடியான தட்டட்டிக்கு ஏறினவர், கீழே எங்கள் பாத்திரமும் பெட்டியும் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே விடியும்வரை நின்றார். அதன்பிறகு மழைக்காலத்தில் அவர் தூங்கியதே கிடையாது. தினமும் பத்திரிகையில் வரும் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைக் கத்தரித்து எடுத்து வைப்பார். ராத்திரியில் ஓட்டில் நாலு சொட்டு விழுந்தால் எழுந்து உட்கார்ந்து, அணையில் இத்தனை அடி, மலையில் இத்தனை மழை, தண்ணீர் நம் படிக்கு வர எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டுக் கணக்குப் போடுவார்.

இந்தப் பயத்தைத்தான் உலகம்மை தன் படிப்புக்கு எடுத்துக்கொண்டாள். எம்.சி.ஏ. கடைசி வருஷத்துக்கு ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டுமாம். அணையின் மட்டத்தையும் மழையளவையும் கொடுத்தால், ஆற்றங்கரைத் தெருக்களுக்கு வெள்ளம் வருமா, வந்தால் எப்போது வரும் என்று சொல்லும் புரோகிராம் எழுதினாள். அதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். வெள்ளம் எட்டாத இடமாகப் பார்த்து, தட்டட்டியில் இருந்த ஒற்றை அறையில்தான் அதை வைக்கவேண்டும் என்றார் அவர். ஏழு வருஷத்துக் கத்தரிப்புகளை அவர் வாசிக்க வாசிக்க அவள் ஏற்றினாள். அவள் ஏற்றி முடித்த சில மாதங்களில் பரணில் கிடந்த அந்தக் காகிதக் கட்டைச் செல்லரித்துவிட்டது. “போட்டும், கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குல்லா” என்றார். அவர் வாயிலிருந்து ‘பத்திரம்’ என்ற சொல் வந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஏப்ரல் மாதம் அது. இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை உலகம்மைக்கு வைவா, நேரில் கேள்வி கேட்கும் தேர்வு. புராஜெக்டைப் பரிசோதகர் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். அவரவர் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு வரலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. ஆனால் இந்த வைவாவில் தேறினால்தான் அந்த வேலை. தவறினால் ஒரு வருஷம் போகும், வேலையும் போகும்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜங்ஷனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த செந்தில்முருகனிடம் ஏதோ அச்சடிக்க ஃபிளாப்பியைக் கொடுத்தனுப்பினாள். என் வீட்டுக்காரர்தான் கொண்டுபோனார். திரும்பி வரும்போது முகத்தில் ரத்தம் இல்லை.

செந்தில்முருகன் சொன்னதை அவர் அப்படியே ஒப்பித்தார்: “அண்ணாச்சி, இதுல வைரஸ் இருக்கு. சாதா வைரஸ் இல்ல, செர்னோபில். இருபத்தாறாந்தேதி வரைக்கும் சும்மா படுத்துக் கெடக்கும். அன்னைக்கு முழிச்சுதுன்னா பெட்டிக்குள்ள இருக்கது பூராத்தையும் அழிச்சிரும். சில பெட்டி மறுபடி உசுரே பிடிக்காது.”

“இருபத்தாறு எனக்கு வைவாப்பா” என்றாள் உலகம்மை.

நானும் பயந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. துடைக்கத் தெரியும், துணி போட்டு மூடத் தெரியும். அன்றைக்கு விளக்கேற்றிக் கொண்டுபோய் அந்த அறையில் வைக்கப் போனவள், நல்லபாம்பு தூங்குகிற புற்றுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல வாசலிலேயே நின்றுவிட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் தாழி உடையப்போகும் தேதியையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

மருந்து இல்லாமல் இல்லை. எங்கள் பெட்டியில் வைரஸைப் பிடிக்கிற ஆன்டிவைரஸ் ஒன்று இருந்தது. ஆனால் அது வாங்கிய காலத்தோடு நின்றுபோயிருந்தது, இந்தப் புது வைரஸை அதற்கு அடையாளம் தெரியாது. அடையாளம் சொல்லிக்கொடுப்பதற்கு அப்டேட் என்று ஒன்று போடவேண்டும். செந்தில்முருகன் அதை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றிக் கொடுத்தான். உலகம்மை அதைப் போட்டாள். பெட்டி கரகரவென்று படித்தது, பாதி தூரம் போனது, பிறகு ஒரு கட்டம் வந்து நின்றது. இந்த அப்டேட் செல்லாது என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாம். ஏன் செல்லாது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்காரர் ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார். “வழியில சூடாயிருக்கும் அண்ணாச்சி, பைய பாத்துக் கொண்டு போங்க” என்று இன்னொன்று கொடுத்தான். வெயில் படாமல் அதை எவர்சில்வர் சம்புடத்துக்குள் வைத்து மூடி, மடியில் அணைத்துக்கொண்டு வந்தார். செல்லாது. ஃபிளாப்பி நுழைகிற இடத்தில் தூசியாக இருக்கும் என்று உலகம்மை பஞ்சால் துடைத்தாள். செல்லாது. ஆன்டிவைரஸையே எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். போட்டது ஒழுங்காகப் போட்டது, அப்டேட் மட்டும் செல்லாது. சனிக்கிழமை முழுவதும் இதே வேலை. அதற்குள் புராஜெக்டை வேறெங்காவது ஏற்றி வைக்கலாம் என்றால், வைரஸ் பிடித்த வீட்டு ஃபிளாப்பியை யாரும் தங்கள் பெட்டிக்குள் விடவில்லை. அம்மை கண்ட வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள் அல்லவா, அந்தக் கதைதான்.

உலகம்மை சோற்றைத் தொடவில்லை. அவர் தட்டட்டிக்கும் வாசலுக்குமாக நடந்தார். “ஏட்டி சுந்தரி, மனுஷனுக்கு வார காய்ச்சல்கூட என்னைக்கு வரும்னு சொல்லிக்கிட்டு வராது. இது தேதி போட்டுல்லா வருது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோடைமழை பிடித்தது. காற்றில் எங்கேயோ மரம் விழுந்து கரண்டு போனது. தெருவே இருட்டு. சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு மூன்று பேரும் அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். கரண்டு இல்லாதவரை அது முழிக்காது என்று நான் ஆறுதல் சொன்னேன். கரண்டு இல்லாதவரை மருந்தும் போட முடியாதே என்றாள் மகள். அவர் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு இரட்டைப் பயம்.

கோழி கூவுகிற நேரத்துக்கு மின்விசிறி அசைந்தது. அவர் துள்ளி எழுந்தார்.

“ஏட்டி உலகு, எந்தி! விடியதுக்குள்ள முடிச்சிரணும். விடிஞ்சா இருபத்தாறு!”

அவள் சுவிட்சைப் போட்டாள், ஃபிளாப்பியைச் செருகினாள். அதே கட்டம், அதே சொல். மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்துவிட்டாள். மூன்று வருஷப் படிப்பு, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியது எல்லாம் என் கண் முன்னால் வடிந்து போய்க்கொண்டிருந்தது. என்னால் அவள் தலையைத் தடவிக்கொடுக்கத்தான் முடிந்தது.

அவர் திரையைப் பார்த்தபடி நின்றார். அழுகிற மகளையும் பார்க்கவில்லை, வந்து நின்ற கட்டத்தையும் பார்க்கவில்லை. திரையின் கீழ் மூலையில் சின்னதாக மணி காட்டுமே, அதைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“உலகு, இதுல மணி பதினொண்ணுங்கு. இப்பம் நாலேமுக்கால்லா?”

அவள் தலையைத் தூக்கி, அந்த மணியின்மேல் தட்டினாள். மாதமும் தேதியும் விரிந்தன. அந்தப் பெட்டிக்குள் அப்போதுதான் பொங்கல் கழிந்திருந்தது! ஜனவரி மாதம்! உள்ளே கடிகாரத்துக்கென்று ஒரு சின்ன பேட்டரி உண்டாம். அது செத்துப்போயிருக்கிறது. பெட்டியை அணைத்தால் கடிகாரமும் நின்றுவிடும், மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அப்படி நின்று நின்று மாசக்கணக்கில் பின்தங்கிவிட்டது. ஜனவரியில் இருக்கிற பெட்டிக்கு ஏப்ரலில் வந்த அப்டேட் எப்படிச் செல்லும்?

“தேதிய மாத்தணும்ப்பா. இன்னைக்கு என்ன தேதி?”

அவர் சும்மா சொல்லவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியை மூன்று தரம் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை. இருபத்தஞ்சு” என்றார். அவள் அதையே போட்டாள். மணியையும் அவர் சொன்னபடி நாலேமுக்கால் என்று வைத்தாள்.

ஃபிளாப்பி மறுபடி கரகரத்தது. பாதியைத் தாண்டியது. முழுவதும் போனது. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னது. திரை இருண்டபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் ஒரு கண்ணாடி வளையல் உடைந்தது. பிறகு வெளிச்சம் வந்தது. ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலாகத் தேடிப்போக ஆரம்பித்தது, சிவப்புச் சிவப்பாகப் பெயர்கள் ஓடின. எத்தனை இடத்தில் ஒளிந்திருந்தது என்கிறீர்கள்! எல்லாவற்றையும் பிடித்து, சுத்தம் என்று சொல்லி முடித்தபோது கிழக்கே வெளுத்து, காகம் கத்தியது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குளிக்கவும் நேரமில்லாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு புறப்பட்டோம். என் பழைய சேலையில் பெட்டியைச் சுற்றி, ஆட்டோவில் அவர் மடியில் வைத்துக்கொண்டார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்களே, கொக்கிரகுளம் பாலம் தாண்டும்வரை ஒவ்வொரு குழிக்கும் “பைய போ வே, பைய போ வே” என்று டிரைவரின் உயிரை எடுத்தார்.

கல்லூரி ஆய்வகத்துக்கு வெளியே ஒரு பெண் சுவரில் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தோம். வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், பாதிக்கு மேல் கறுத்த திரைகள். காலையில் வந்து ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்கள், போடப் போடச் செத்திருக்கிறது. ஆய்வகத்துப் பொறுப்பாசிரியை சாரம்மாள் கையை விரித்துக்கொண்டு நடுவில் நின்றார். “யாரும் சுவிட்சத் தொடாதீங்க! மிச்சத்தத் தொடாதீங்க!”

அதுவரை ஏதோ கதைபோல இருந்தது, இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன். ஒருவேளை எங்கள் பெட்டியிலும் ஒன்று மிச்சமிருந்தால்?

உலகம்மையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் பெட்டியை மேசையில் வைத்து, வயர்களை மாட்டினாள். நாங்கள் ஜன்னல் பக்கம் நின்றோம். அவள் விரல் சுவிட்சுக்குப் போகும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “வந்துட்டா? வந்துட்டா?” என்று என்னையே கேட்டார். திரையில் வெளிச்சம் வந்ததும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் திருப்பினேன்.

புரோகிராம் ஓடியது. வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் ஏதேதோ மழையளவைக் கொடுத்துப் பார்த்தார். எங்கள் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும் என்று அது சொன்னது. கடைசியில் அன்றைய அணை மட்டத்தைக் கொடுக்கச் சொன்னார். கோடைக்காலம், அணையில் என்ன இருக்கும்? திரையில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது: அப்பா தூங்கலாம்.

“என்னம்மா இது?” என்றார் பரிசோதகர்.

உலகம்மைக்கு முகம் சிவந்துவிட்டது. “வெள்ளம் வராதுன்னா அப்படிச் சொல்லும் சார். எங்க அப்பாவுக்காக எழுதினது. எடுக்க மறந்துட்டேன்.”

பரிசோதகர் சிரித்தார். எடுக்க வேண்டாம் என்றார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். அவள் அதுவரை அதை அவரிடம் காட்டியதே இல்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். உலகம்மை வெளியே வந்தபோது முகம் வெளிறிப்போயிருந்தது. “தேறலியாட்டி?” என்று கேட்டேன்.

“தேறிட்டேன்ம்மா. சாரம்மாள் மேடம் திரை மூலையில மணியத் தட்டித் தேதியப் பாத்துட்டு, ‘நல்ல வேலை பண்ணின, தேதியப் பின்னால வச்சுத் தப்பிச்சிட்ட’ன்னு சொல்லுதாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் பாத்தா... அப்பா, நீங்க இருபத்தஞ்சுன்னு சொன்னிய. அப்போ மணி நாலேமுக்கால். ராத்திரி பன்னெண்டு மணிக்கே இருபத்தாறு பொறந்துட்டுப்பா.”

எங்கள் வீட்டில் விடியாமல் நாள் பிறக்காது. என் மாமியார் செவ்வாய்க்கிழமை ராத்திரி மூன்று மணிக்குத் தவறினார் என்றுதான் இன்றைக்கும் சொல்வோம், புதன்கிழமை என்று சொல்ல வாய் வராது. நாள்காட்டித் தாளை அவர் விடிந்து குளித்துவிட்டு வந்துதான் கிழிப்பார். அந்த நாள்காட்டியைத்தான் மூன்று தரம் பார்த்துச் சொன்னார். எம்.சி.ஏ. படித்த எங்கள் மகளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே, மறுபேச்சில்லாமல் அதையே போட்டிருக்கிறாள்.

“அப்பம் நான் இருபத்தாறுன்னு சொல்லியிருந்தா?” என்று கேட்டார்.

“வைரஸ் அப்பவும் உள்ளதான் இருந்துது. அணைச்சுப் போட்டோம்லா, அப்பவே முழிச்சிருக்கும். இங்கன போனது மாதிரிப் பூராவும் போயிருக்கும்ப்பா.”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளத்தன்று தட்டட்டியில் நின்றபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், பாதி சட்டையில் கொட்டியது. “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு எந்திரிங்க” என்றேன். அவர் காதில் ஏறவில்லை.

“சரியாச் சொல்லணும்னுதான் சுந்தரி மூணு தரம் பார்த்தேன்” என்றார். “பிள்ளையோட வாழ்க்கை என் வாயிலல்லா இருந்துருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மறுபடி தட்டட்டி அறையில் மாட்டினோம். உலகம்மை தேதியைத் திருத்தப் போனாள். அவர் விடவில்லை. பெட்டிக்குள் இன்னும் இருபத்தைந்துதான். இருபத்தாறு அதற்கு இனிமேல்தான் வரவேண்டும். சுத்தமாகிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அணைத்துவைத்தால் கடிகாரம் நின்றுவிடும், இருபத்தாறு வரவே வராது என்று நான் ஒரு வழி சொன்னேன்.

“எத்தன நாளைக்கு அணச்சு வைக்க? வாரது வரட்டும். நான் பக்கத்துல இருக்கும்போதே வரட்டும்” என்றார். பயந்தவர் பேசுகிற பேச்சா அது! நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

ஆட்டோவில் போனது, கல்லூரியில் காத்திருந்தது என்று பெட்டி அணைந்து கிடந்த நேரமெல்லாம் அதன் கடிகாரம் நின்றிருந்ததால், நம் பன்னிரண்டு மணிக்கு அதற்குப் பன்னிரண்டு ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நான் காப்பி கொண்டுபோனபோது ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருந்தது. அப்போதுதான் திரையில் விரித்து வைத்திருந்த தேதி மாறியது. அவர் நாற்காலிக் கையைப் பிடித்தார். நான் தம்ளரை இறுக்கிக்கொண்டேன். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார், உலகம்மை போட்டாள். திரை இருண்டது, பிறகு வெளுத்தது. இருபத்தாறு. ஒன்றும் ஆகவில்லை.

“நான் சொன்னம்லா” என்றார், கண்ணெல்லாம் செக்கச் சிவந்து. “விடிஞ்சாத்தான் இருபத்தாறு.”

குளித்துவிட்டு வந்து நாள்காட்டியில், திங்கட்கிழமை அவசரத்தில் கிழிக்காமல் விட்ட இருபத்தைந்தைக் கிழித்தார். பத்திரிகையைப் பார்த்து அணை மட்டத்தைத் தானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திரையில் வந்ததை வாய்விட்டுப் படித்தார். அப்படியே கீழே பாயில் சரிந்து தூங்கிப்போனார், பட்டப்பகலில், வாய் திறந்தபடி.

உலகம்மை சென்னைக் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்க நாங்கள் இருவரும் கிளம்பினோம். சத்தம் கேட்காமல் கதவைச் சாத்தி வெளியே பூட்டினேன். தெருமுனை வரை போனவள், அவளை நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தேன்.